ஒன்பது அங்குலம்

காலிப் பெட்டி ஐந்தாம் மாடிக்கு ஏறி வந்ததில் யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை. வண்டிக்காரரும் அவருடைய ஆளும் ஒவ்வொரு திருப்பத்திலும் அதைச் செங்குத்தாக நிமிர்த்தி, அப்படியும் இப்படியும் அசைத்துத் தள்ளி, கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார்கள். அதற்குள் அப்பாவைப் படுக்கவைத்து, மூடி, தூக்கிக்கொண்டு நாலாம் மாடித் திருப்பத்துக்கு இறங்கிய பிறகுதான் வம்பு தொடங்கியது. பெட்டியின் ஒரு முனை சுவரில் முட்டியது. மறுமுனை கைப்பிடிக் கம்பியில் மாட்டியது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"நிமித்துங்க," என்றார் வண்டிக்காரர். "ஏறினப்போ எப்படி ஏறிச்சோ அப்படியே எறக்கிடலாம்."

"வேணாம்," என்றாள் மகள்.

"ஏம்மா?"

"ஏறினப்போ உள்ள ஆள் இல்ல."

வண்டிக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். இன்னும் இரண்டு வீட்டுக்குப் போகவேண்டியவர் அவர். பின்னால் படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். காலையில் பல் தேய்க்கப் போன மனுஷன் வாயில் பேஸ்ட் நுரையோடு சாய்ந்ததிலிருந்து அவள் அழவே இல்லை. கணவரைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

"நாள் பாத்தாரு பாரு. இன்னும் மூணு மாசத்துல லிஃப்ட் வருதுன்னு சொன்னாங்க. அதுக்குள்ள என்ன அவசரம்?"

லிஃப்ட் வருவதற்கான குழி மட்டும் வந்திருந்தது. அதில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் யாரோ பந்தை விட்டுவிட்டு, தினமும் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பெட்டிக்குள் இருந்தவர் நாற்பது வருஷம் சுமை தூக்கியவர். மற்றவர்கள் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள், இவர் நின்று பார்த்தார். முதுகில் பீரோ, தலையில் மூட்டை, தோளில் கட்டில் என்று எதையாவது வைத்துக்கொண்டு நின்றார். போகும்போதாவது அவர் படுத்துக்கொண்டு போகவேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குமேல் அவளிடம் இன்னொரு காரணமும் இருந்தது. அந்தத் திருப்பத்தை அப்படிக் குறுக்கி வரைந்தவளே அவள்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஆறு ஊருக்குள் வந்தபோது, கரையோரம் இருந்த பழைய வாரியக் குடியிருப்பில் ஒரு கட்டடம் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டது. மிச்சத்தை அதிகாரிகள் இடிக்கச் சொன்னார்கள். இவள் வீடு உட்பட அங்கிருந்த குடும்பங்கள் எல்லாம் பள்ளி மைதானத்தில் தகரக் கொட்டகைக்குப் போயின. அதே இடத்தில் மேடு தூக்கிப் புதிதாகக் கட்ட வாரியம் முடிவு செய்தபோது, அதன் வரைபடப் பிரிவில் வேலை பார்த்த இவளிடம் தாள் வந்து சேர்ந்தது. ஒரு மாடிக்கு எட்டு வீடு என்று முதலில் வரைந்தாள். பட்டியலைப் பார்த்தால் ஐந்து குடும்பம் மிச்சம் நின்றது. கொட்டகையில் அந்த ஐந்து குடும்பத்தையும் இவளுக்கு முகம் தெரியும். குளியலறையில் கொஞ்சம், தாழ்வாரத்தில் கொஞ்சம் என்று கிள்ளிக் கிள்ளிச் சேர்த்து, மாடிக்கு ஒன்பதாவதாக ஒரு வீட்டை நுழைத்தாள். அப்படியும் ஒன்பது அங்குலம் உதைத்தது. படிக்கட்டுத் திருப்பத்தில் கை வைத்தாள். தலைமைப் பொறியாளர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அப்பா கையெழுத்துப் போடவேண்டியவர் இல்லை என்பதால் நன்றாகப் பார்த்தார்.

"பீரோ திரும்பாது," என்றார்.

"திரும்பும்ப்பா."

"நிமித்தினா திரும்பும். கண்ணாடி வெச்ச பீரோவை நிமித்தித் தூக்கறவன் சுமைக்காரனே இல்ல."

"ஒன்பது அங்குலம்ப்பா. யாருக்கும் தெரியாது."

"சொவருக்குத் தெரியும்."

அதோடு விட்டாரா? மனுப் போட்டார். 'பொருள்: படிக்கட்டுத் திருப்பத்தில் பீரோ திரும்பாமை குறித்து.' மனு நேராக இவள் மேசைக்கே வந்தது. படிக்கட்டு தொடர்பான மனுக்களுக்குப் பதில் எழுதுவதும் அவள் பிரிவின் வேலை. 'அன்புடையீர், தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று பெற்ற தகப்பனுக்குத் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி அனுப்பினாள். அவர் அதைச் சாப்பாட்டு நேரத்தில் அவள் எதிரிலேயே பிரித்து, ராகம் போட்டுப் படிப்பார். "எவனோ நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா வெஷயம் ஒண்ணும் இல்ல." இப்படிப் பதினேழு மனு. குடி வந்து பதினொரு நாளில், ஐந்து மாடிக்கும் வந்த பீரோக்களை மேற்பார்வை பார்த்ததில் அவருக்குப் புது இரத்தம் ஊறியது. பதினெட்டாவது மனுவுக்குக் காகிதம் வாங்கி வைத்திருந்தார்.

பெட்டி மாட்டிக்கொண்ட இடத்துக்குக் கீழிருந்து மூன்று கிழவர்கள் ஏறி வந்தார்கள். அப்பாவோடு சுமை தூக்கியவர்கள். முன்னால் வந்தவரைக் கொக்கி என்று கூப்பிடுவார்கள். இடுப்பில் மூட்டைக் கொக்கி இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. ஓய்வு பெற்று எட்டு வருஷமாகியும் இப்போதும் இருந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து நல்ல முட்டி இரண்டு தேறும்.

"தம்பி, தள்ளு," என்றார் கொக்கி, வண்டிக்காரரிடம். "இது எங்க ஆளு."

"பெரியவரே, உங்களால முடியாது."

"எங்களால முடியாததை எல்லாம் இவன்தான் தூக்குவான். இன்னைக்கு இவனே உள்ள படுத்திருக்கான். என்ன பண்றது?"

உடனே சண்டை வந்தது. தலைமாடு முன்னால் போகணும் என்றார் ஒருவர். கால்மாடுதான் முறை என்றார் இன்னொருவர். கனமான பக்கம் கீழே என்பது தொழில் விதி, இவனுக்கு எப்பவும் தலைக்கனம்தான், ஆகவே தலை கீழ்ப்பக்கம் என்று தீர்ப்புச் சொன்னார் கொக்கி. அம்மாவுக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஆனா படுக்கவெச்சுத் திரும்பாது, பாப்பா," என்றார் கொக்கி மகளைப் பார்த்து. "வளைவு பத்தல. நிமித்தித்தான் ஆகணும்."

 பதினேழு முறை பரிசீலித்த விஷயம் இப்போது அவள் கண் முன்னால் மரப்பெட்டியாக மாட்டிக்கொண்டு நின்றது. 'திரும்பாதுப்பா, நீங்க சொன்னது சரி' என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கலாம். நேற்று இரவுச் சாப்பாட்டில்கூட அவர் ஆரம்பித்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

திருப்பத்தை ஒட்டி இருந்த வீட்டுக் கதவு திறந்தது. அதுதான் அந்த மாடியின் ஒன்பதாவது வீடு. உள்ளே இருந்த தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தார். பெட்டியைப் பார்த்தார், படியைப் பார்த்தார், தன் வாசல்படியைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்குள்ள கொண்டாங்க."

"என்னது?" என்றார் வண்டிக்காரர்.

"நேரா உள்ள கொண்டாந்து, கூடத்துல ஒரு சுத்துச் சுத்தி, வெளிய கொண்டுபோங்க. இடம் பத்தும். நாடா வெச்சு அளந்துட்டேன்."

"பொணத்தை வீட்டுக்குள்ளயா?"

"இந்த வீடே ஒன்பது அங்குலத்துல வந்த வீடுய்யா. அதைத் திருப்பிக் கேட்டா இல்லேன்னு சொல்லுவேனா?"

மகள் திடுக்கிட்டாள். அந்த எண் அவளுக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். கேட்க நேரமில்லை. தையல் இயந்திரம் மூலைக்குப் போனது. பாதி தைத்த பள்ளிச் சீருடைகள் கட்டிலில் ஏறின. கொக்கியும் மற்றவர்களும் முன்னால், வண்டிக்காரரும் ஆளும் பின்னால். அப்பா தையல்காரம்மா வீட்டுக்குள் போனார், கூடத்தில் ஒரு வட்டம் அடித்தார், படுத்தபடியே வெளியே வந்து அடுத்த படியில் இறங்கினார்.

மூன்றாம் மாடிக்குச் செய்தி அவர்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. அங்கே இளம் தம்பதி தொட்டிலை அவிழ்த்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்கள். குழந்தை பெட்டியைப் பார்த்து ஏதோ சொல்லிக் கையை நீட்டியது. அதன் கையை இறக்கிவிட யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் மாடிக்குச் செய்தி போயிருந்தது; ஆனால் வீட்டுக்காரர் குளியலறையில் இருந்தார். மனைவி கதவைத் திறந்துவிட்டாள். அவர் தலையில் சோப்போடு, இடுப்பில் துண்டோடு வெளியே வந்தபோது அவருடைய கூடத்தில் ஒரு சவப்பெட்டி சுழன்றுகொண்டிருந்தது. பாவம், மரியாதை தெரிந்த மனிதர். சட்டென்று விறைப்பாக நின்று இரண்டு கையையும் கூப்பப் போனார். ஒரு கை துண்டுக்கு வேண்டும் என்பது கடைசி நொடியில்தான் நினைவுக்கு வந்தது. ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பெட்டி வெளியே போகும்வரை அசையாமல் நின்றார். சோப்பு கண்ணில் வழிந்து, அந்தக் கட்டடத்தில் அன்று முதலில் கண்ணீர் விட்டவர் அவராகத்தான் இருந்தார்.

முதல் மாடி வீடு கண்டக்டருடையது. வேலையை விட்டு வந்தும் குரல் மட்டும் இன்னும் பேருந்தில்தான் இருந்தது. பதினொரு நாளும் மகள் படியேறும்போதெல்லாம் வாசலில் நின்று கத்தியவர் அவர்தான். "இந்தப் படியை வரைஞ்ச ஆளு மட்டும் என் கையில கெடைச்சா!" அவள் அதைக் கேட்காத மாதிரி, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப் போவாள். இன்று அதே வாசலில் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். டிவியும் மேசையும் தாழ்வாரத்துக்கு வந்திருந்தன.

உள்ளே போனதும் கொக்கி, "ஒரு நிமிஷம் எறக்கறோம். முட்டி சொல்றதைக் கேக்க மாட்டேங்குது," என்றார். கண்டக்டர் ஓடிப்போய் நாலு நாற்காலி கொண்டுவந்து போட்டார். பெட்டியை அவற்றின்மேல் இறக்கிவிட்டு, மூன்று கிழவர்களும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்கள். கண்டக்டரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வண்டிக்காரர் மணியைப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கிப் போனார்.

மகள் வாசல்படியிலேயே நின்றாள். இந்த வீட்டை அவள் தாளில் கோடாகப் பார்த்திருக்கிறாள். உள்ளே வந்ததில்லை. சுவரில் காலண்டர், ஆணியில் பழைய டிக்கெட் பை, ஜன்னலில் உலரும் சட்டை. இனிமேலும் மறைத்துவைக்க முடியாது என்று தோன்றியது.

"சார், அந்தப் படியை வரைஞ்ச ஆளு கையில கெடைச்சான்னு சொல்லுவீங்களே. அது நான்தான்."

"தெரியும்மா," என்றார் கண்டக்டர்.

"யாரு சொன்னா?"

அவர் மோவாயால் பெட்டியைக் காட்டினார்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுச் சொன்னாரு. நான் ஏதோ எனக்கு மட்டும்னு நெனைச்சேன். விசாரிச்சா, மேல போற வழியில எல்லா வீட்டுலயும் ஒரு சத்தியம் வாங்கியிருக்காரு. இந்தக் கட்டடத்துல சத்தியம் பண்ணாத ஆளு பால்காரர் ஒருத்தர்தான்."

"அப்போ தெனம் ஏன் திட்டினீங்க?"

"அவர்தாம்மா திட்டச் சொன்னாரு. 'அவ ஏறி வர்ற நேரமாப் பாத்து சத்தமா சொல்லு, உறுத்திக்கிட்டே இருந்தாத்தான் லிஃப்ட் ஃபைலைத் தள்ளுவா'ன்னு. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். 'உன் தொண்டையை வேற எதுக்கு வெச்சிருக்கே'ன்னாரு."

அம்மா பெட்டியை முறைத்தாள். "பாத்தியா இந்த மனுஷனை!"

கண்டக்டர் குரலைத் தணித்தார். அவருக்கு அது பழக்கமில்லாத வேலை, வார்த்தைகள் தடுமாறின.

"நாங்க குடி வந்த அன்னைக்கு எங்க பீரோவை அவர்தான் நிமித்தி உள்ள விட்டாரு. நான் நிசமாவே கோவத்துல, எவன்யா இப்படி வரைஞ்சான்னு கேட்டேன். பீரோவைப் பிடிச்சுக்கிட்டே சொன்னாரு. 'நாப்பது வருஷம் நான் சாமானைத்தான்யா தூக்கினேன். எம் பொண்ணு அஞ்சு வீட்டையே தூக்கியாந்துட்டா. உங்க வீடும் அதுல ஒண்ணு. வாயை மூடிட்டு அந்தப் பக்கம் பிடி'ன்னாரு."

 அப்பா இதை மகளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளும் அவரிடம் எதைத்தான் சொன்னாள்? பதினேழு முறை 'அன்புடையீர்' என்று எழுதினாள், அவ்வளவுதான்.

கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். கொக்கி எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினார். மறுபடியும் ஹாரன், இந்த முறை நீளமாக.

கண்டக்டர் ஜன்னலைத் திறந்து, இருக்கிற குரலை எல்லாம் திரட்டி, "இருய்யா! இப்பத்தான் வந்திருக்காரு!" என்று கத்தினார்.

ஹாரன் நின்றது. கொக்கி திரும்பவும் சுவரில் சாய்ந்தார். மகள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பெட்டிக்குப் பக்கத்தில், கண்டக்டரின் மனைவி நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தாள்.