அண்ணா கேட்ட தூண்டில்

"கொஞ்ச நாளைக்குத்தான் சுலா."

"கொஞ்ச நாள் எண்டால்?"

"ஒரு ஆறு மாசம் எண்டு வையுமன். என்னை இஞ்ச கூப்பிட்டு, படிப்பிச்சு, கல்யாணமும் செய்து வைச்சவர் அண்ணா. நீர் வந்து இறங்கின உடனை தனியப் போறம் எண்டால் மனுசன் நொந்து போகும்."

"அப்ப சூட்கேசின்ரை அடியில கிடக்கிற சாமானை எடுக்கட்டோ, விடட்டோ?"

"கிடக்கட்டும். எங்கட வீட்டுக்குப் போய் எடுப்பம்."

ரோவில்லில், தன் அண்ணன் சிவசோதியின் வீட்டு மாடியறையில் வைத்து, மெல்போர்னுக்கு அவள் வந்து சேர்ந்த முதல் நாள் லதீஸ் சொன்னது அது. அன்றைக்கு சுலக்சனா சிரித்துக்கொண்டே சூட்கேசை மூடினாள். அடியில் இருந்தது அம்மா சேலையில் சுற்றித் தந்த இடியப்ப உரலும் சில பீங்கான் கோப்பைகளும்தான். கீழே குசினியில் சிவசோதியின் மனைவி ரஞ்சினியின் இடியப்ப உரல் இருந்தது. ஒரு குசினிக்கு இரண்டு எதற்கு?

அதற்குப் பிறகு ஐந்து வருடம் ஓடிவிட்டது. உரல் இன்னும் சூட்கேசுக்குள்தான் கிடந்தது.

இப்போது 2012ஆம் ஆண்டு மே மாதம், இங்கே இலையுதிர்காலம். போன வாரம் சுலக்சனா வேலை செய்யும் சிறுவர் பராமரிப்பு நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு யூனிட் வாடகைக்கு வந்திருந்தது. இரண்டு அறை, ஒரு சின்னக் குசினி, பின்னால் ஒரு எலுமிச்சை மரம். லதீசும் வந்து பார்த்தான். குசினிக் குழாயைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தான். அவனுக்குப் பிடித்துவிட்டது என்று அவளுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லி ஏஜென்ட் கேட்டிருந்தாள்.

"இந்தக் கிழமை அண்ணாவிட்டச் சொல்லுறன்" என்றான் லதீஸ்.

கிழமை முழுக்க அவள் காத்திருந்தாள். ஒரு நாள் அண்ணா வேலைக் களைப்பில் வந்தார், சொல்லவில்லை. மறுநாள் சந்தோசமாக வந்தார், அதைக் கெடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணாவின் முகம் எப்படி இருந்தாலும் அது அந்த விஷயம் பேசுவதற்கான முகமாக இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தபோது லதீஸ்தான் அந்த யோசனையைச் சொன்னான்.

"நாளைக்கு நான் மீன் பிடிக்கப் போகேக்க நீரும் ஏரிக்கு வாரும். படகில நாங்கள் ரெண்டு பேரும்தானே. என்னெண்டு சொல்லுறது எண்டு இருந்து யோசிப்பம்."

மீன் பிடிப்பதில் சுலக்சனாவுக்கு எள்ளளவும் ஆசை கிடையாது. ஆனாலும் விடியப்புறமே எழும்பி, பாண் துண்டுகளுக்கு நடுவில் ரின்மீன் சம்பல் வைத்துக் கட்டி, பிளாஸ்கில் தேத்தண்ணீர் ஊற்றி எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். முற்றத்தில் காருக்குப் பின்னால் லதீசின் தகரப் படகு கொழுவியிருந்தது. பழையதுதான், ஒரு பக்கம் நெளிந்ததுதான். ஆனாலும் அந்த வீட்டில் அவன் யாரையும் கேட்காமல் வாங்கிய ஒரே சாமான் அது. ரஞ்சினிக்கு அது முற்றத்தில் நிற்பதே கண்ணுக்குள் குத்தும்.

லதீஸ் காரைத் திறக்கவும் வீட்டுக் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. தொப்பி, கம்பளிச் சட்டை, கையில் ஒரு மடிப்புக் கதிரை. சிவசோதி நின்றார்.

"இண்டைக்கு வேலை கான்சல் ஆயிட்டுது. நானும் வாறன். உங்களைத் தனிய விட்டால் மீனா கொண்டு வருவியள், தடிமனும் காய்ச்சலும்தான் கொண்டு வருவியள்."

சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். லதீசும் சிரித்தான். சுலக்சனா பின்சீற்றில் ஏறி பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டாள்.

சிவசோதி கெட்ட மனிதராக இருந்திருந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும் என்று அவள் அடிக்கடி நினைப்பதுண்டு. ஒரு சண்டை போட்டுவிட்டு வெளியே வந்திருக்கலாம். இவரோ, அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது பாதி வேலையில் வான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து டொக்டரிடம் கூட்டிப்போனவர். பகலில் வயரிங் வேலை, இரவில் டாக்சி என்று ஓடித் தம்பியைப் படிக்க வைத்தவர். அதே மனிதர்தான் தம்பி என்ன கார் வாங்குவது, எந்தக் கொம்பனியில் வேலைக்குச் சேர்வது, எப்போது தலைமயிர் வெட்டுவது என்பது வரைக்கும் தீர்மானித்தார். அவள் தாளித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து அடுப்பைக் குறைத்துவிட்டுப் போவார். எல்லாம் அன்பால்தான். அந்த அன்பில் அவளுக்கு மூச்சு முட்டியது.

வடக்கே இரண்டரை மணி நேர ஓட்டம். வழி முழுக்க முன்சீற்றில் இருந்து சிவசோதி வழி சொன்னார். அந்த வழியில் நாலு வருடமாகப் போய்வருகிற லதீஸ், "ஓம் அண்ணா, ஓம் அண்ணா" என்று ஓட்டினான்.

ஏரி சின்னது. ஒரு கரையில் நின்று கூப்பிட்டால் மறுகரைக்குக் கேட்கும். நடுவில் செத்துப்போன யூக்கலிப்டஸ் மரங்கள் வெள்ளை வெளேரென்று தண்ணீருக்குள் நின்றன. அந்த மரங்களின் வேரடியில்தான் மறே கொட் என்கிற பெரிய மீன் இருக்கும் என்று லதீஸ் சொல்லியிருந்தான். ஆளையே இழுத்து விழுத்துகிற மீன். நாலு இலையுதிர்காலமாக அவன் அதைத் தேடி வருகிறான். இதுவரைக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

படகை நிறுத்திவிட்டு அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் அவன் விளங்கப்படுத்தினான். வீட்டில் ஒரு நாளும் கேட்காத உற்சாகம் அந்தக் குரலில் இருந்தது.

"இப்ப தண்ணி குளிரத் தொடங்கிட்டுது, அது அடிக்குப் போயிட்டுது. மேலால எறிஞ்சு இழுத்தால் திரும்பியும் பாராது. இதைப் பாரும், இதுதான் ஜிக்." ஈயத் தலை வைத்த ரப்பர் மீன் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். "இதை நேரா அடிமட்டும் விடோணும். ஈயம் தரையில தட்டின உடனை ஒரு வெட்டு வெட்டித் தூக்கி, பேந்து விழ விடோணும். விழேக்கதான் கடிக்கும்."

"கடிச்சால்?"

"கடிச்சால் ஒண்டே ஒண்டுதான். இந்தத் தங்கூசி நூல் தொய்யக்கூடாது. ஒரு கணம் தொய்ஞ்சாலும் தலையை உதறிக் கழட்டிப்போடும்."

"டேய் தம்பி, என்ன அங்க குசுகுசுப்பு?" என்றார் சிவசோதி. மடிப்புக் கதிரையைப் படகின் நடுவில் விரித்து உட்கார்ந்திருந்தார். லதீஸ் முன்னால், சுலக்சனா பின்னால், நடுவில் அவர்.

தூக்கு, விழவிடு. தூக்கு, விழவிடு. லதீசின் மணிக்கட்டு சலிக்காமல் அசைந்தது. ஒரு மரத்தடி சரிவராவிட்டால் அடுத்த மரத்தடிக்குத் துடுப்புப் போட்டான். அங்கேயும் ஒன்றும் இல்லை. ஒரு தடவை ஜிக் வேரில் மாட்டிக்கொண்டது. அதைக் கழட்டுவதற்குள் அவன் விரல்கள் சிவந்துவிட்டன.

"கெதியாத் தூக்கடா. இப்பிடித் தூங்கித் தூங்கி ஆட்டினால் மீனும் நித்திரையாப் போயிடும்."

"ஓம் அண்ணா."

"நிறத்தை மாத்திப் பார். உந்தப் பச்சை சரிவராது."

"ஓம் அண்ணா." அவன் நிறத்தை மாற்றினான். பச்சைதான் இந்தத் தண்ணீருக்குச் சரி என்று காரில் ஏறும் முன் அவனே அவளிடம் சொல்லியிருந்தான்.

குளிர்காற்று அவள் காதுக்குள் புகுந்தது. பாண் முடிந்தது, தேத்தண்ணீர் ஆறியது. மத்தியானத்துக்குக் கிட்ட, "ஒருக்கா கரைக்கு விடு, ஒண்டுக்குப் போகோணும்" என்று சிவசோதி இறங்கிப் பற்றைக்குள் போனார். அவர் தலை மறைந்ததும் சுலக்சனா முன்னால் குனிந்தாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்குச் சொல்லுங்கோ. அவர் திரும்பி வந்த உடனை சொல்லுங்கோ."

"இப்பவோ? பாரும், எவ்வளவு சந்தோசமா வந்திருக்கிறார். ஏன் அதைக் கெடுப்பான்?"

"செவ்வாய்க்கிழமையும் இதைத்தானே சொன்னனீங்கள்! அவர் கோவமா இருந்தால் கோவம், சிரிச்சால் சந்தோசம். நித்திரையா இருக்கேக்க காதுக்குள்ள சொல்லப் போறீங்களோ?"

லதீசுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"இல்லாட்டி நான் சொல்லுறன்."

"ஐயோ, நீர் சொல்லாதேயும். நீர்தான் பிரிச்சுக்கொண்டு போறீர் எண்டு நினைப்பினம். நான்தான் சொல்லோணும். சொல்லுறன். திங்கள் வரைக்கும் இருக்குத்தானே."

"திங்கள் வரைக்கும் எங்க இருக்கு? நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு!"

பற்றை அசைந்தது. லதீஸ் துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டான். சுலக்சனா உதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். இந்த மனிதனைப் பிடித்து ஏரிக்குள் தள்ளினால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. கூடவே, தள்ளினால் தானும் குதித்து இழுக்க வேண்டிவரும் என்றும் தோன்றியது.

வெயில் சாயத் தொடங்கியபோது லதீஸ் கடைசியாக ஒரு மரத்தடிக்குப் படகை விட்டான். பெட்டியைத் திறந்தான். அண்ணா மறுபக்கம் திரும்பித் தொப்பியைச் சரிசெய்த நேரம் பார்த்துப் பச்சை ஜிக்கை மறுபடி கட்டினான். சுலக்சனா அதைக் கண்டாள். அவன் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். கல்யாணமான புதிதில் அப்படிச் சிமிட்டுவான்.

ஜிக் இறங்கியது. தரையில் தட்டியது. ஒரு வெட்டு, தூக்கு, விழவிடு.

விழவில்லை. பாதியில் நின்றது.

தூண்டில் தடி வில்லாக வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. ரீல் கிறீச்சிட்டுக் கத்தியது. படகு ஒரு பக்கம் சரிய சுலக்சனா இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பிடிச்சிட்டுது! சுலா, பிடிச்சிட்டுது!"

அவன் முழங்காலை ஊன்றித் தடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். மீன் வேருக்குள் ஓடப் பார்த்தது, அவன் விடவில்லை. கொஞ்சம் கொடுத்தான், கொஞ்சம் இழுத்தான். முகத்தில் பயம் இல்லை, குழப்பம் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று அந்த முகத்துக்குத் தெரிந்திருந்தது. அவள் மீனைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருடமாக இந்த ஆள் எங்கே இருந்தான்?

பிறகு அது மேலே வந்தது. பச்சையும் மஞ்சளுமாகப் புள்ளி விழுந்த அகன்ற முதுகு. ஒரு சின்னப் பிள்ளையின் நீளம் இருக்கும். வாயின் ஓரத்தில் பச்சை ஜிக் தொங்கியது.

"இஞ்ச தா!" சிவசோதி எழும்பிவிட்டார். கதிரை பின்னால் விழுந்தது. "டேய், நீ விட்டிடுவாய், இஞ்ச தா எண்டுறன்!"

"அண்ணா, பொறுங்கோ..."

"தாடா!"

லதீஸ் திரும்பினான். தடியை இரண்டு கையாலும் பிடித்து அண்ணாவிடம் நீட்டினான். கார்ச் சாவியை நீட்டுவதுபோல, முதல் சம்பளத்தை நீட்டியதுபோல. யோசித்துச் செய்யவில்லை. அண்ணா கேட்டார், கை நீட்டியது.

ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகிற அந்தக் கணத்தில் தங்கூசி தொய்ந்தது.

மீன் தலையை ஒரே ஒரு தரம் உதறியது. அகன்ற முதுகு புரண்டு பழுப்புத் தண்ணீருக்குள் இறங்கிப்போனது. ரப்பர் மீன் மட்டும் வாலறுந்து தங்கூசியின் நுனியில் தொங்கியது.

படகு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்தியே?" சிவசோதி மூச்சிரைக்க ரீலைச் சுற்றினார். "நல்லாக் கொழுவேல்லை. முதலிலேயே என்னட்டத் தந்திருக்கோணும். சரி விடு, மனத்தைத் தளரவிடாதை. அடுத்த சனியும் வருவம். எப்பிடி எண்டு நான் காட்டித் தாறன்."

"ஓம் அண்ணா" என்றான் லதீஸ்.

அவன் கைகள் நீட்டியபடியே இருந்தன. இரண்டு உள்ளங்கையும் விரிந்து, தங்கூசி அறுத்த சிவப்புக் கோடுகளோடு. காலையில் அவளுக்கு அவன் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று. அதை அவன் மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கொடுத்தான். அடுத்த சனியும் கொடுப்பான். திங்கட்கிழமை யூனிட்டையும் இப்படித்தான், இரண்டு கையாலும், கொடுத்துவிட்டு வருவான்.

"அத்தான்" என்றாள் சுலக்சனா சிவசோதியைப் பார்த்து. "அந்தத் தடியை ஒருக்கா இஞ்ச தாங்கோ."

"என்ன பிள்ளை, நீரும் பிடிக்கப் போறீரோ?" சிவசோதி சிரித்தபடியே கொடுத்தார்.

அவள் வாங்கினாள். படகு ஆட ஆட எழும்பி, அவரைத் தாண்டி எட்டி, தடியை லதீசின் விரிந்த கைகளுக்குள் வைத்தாள். விரல்களை மூடிவிட்டாள். அவன் அவளை நிமிர்ந்து பார்த்து மெல்லத் தலையசைத்தான். வேண்டாம் என்று அசைத்தானா, சரி என்று அசைத்தானா என்று பார்க்க அவள் நிற்கவில்லை.

எத்தனை விதமாக அவள் இதை ஒத்திகை பார்த்திருந்தாள். நீங்கள் எங்களுக்குச் செய்த உதவியை மறக்கமாட்டம் என்று தொடங்க வேண்டும். பக்கத்திலதான், அடிக்கடி வரலாம் என்று சொல்ல வேண்டும். ஞாயிறு தவறாமல் சாப்பிட வருவம் என்று முடிக்க வேண்டும். குசினியில் வெங்காயம் வெட்டும்போதும் பஸ்சுக்கு நிற்கும்போதும் சொல்லிச் சொல்லித் தேய்த்து வைத்திருந்த அத்தனை வசனத்திலும் இப்போது ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. சிவசோதி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"என்ன பிள்ளை?"

"அத்தான், நாங்கள் வேற வீடு பாத்திட்டம். எங்களைத் தனியப் போக விடுங்கோ."