ரஷ்யாக் கட்டைக்குள் கேட்ட சத்தம்

ஆரோக்கியசாமியிடம் இரண்டு விஷயங்களைக் குறை சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக வீடு திரும்பியதில்லை. ஒன்று மாதா கோயில். இன்னொன்று ரஷ்யாக் கட்டை.

கோயிலை விடுங்கள், ரஷ்யாக் கட்டையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்த மனுஷர் அவர். ரஷ்யாவிலிருந்து உதிரிப் பாகங்கள் பெரிய பெரிய மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். பாகங்கள் உள்ளே போகும், பெட்டிகள் ஏலத்துக்கு வரும். அந்தப் பெட்டிப் பலகையில் செய்த கட்டிலோ அலமாரியோ கோழிக்கூண்டோ இல்லாத வீடு குவார்ட்டர்ஸில் ஒன்றுகூட இருந்திருக்காது. "பனியில வளந்த மரம்யா. நம்ம ஊர் கரையானுக்கு அது வாய்லயே நுழையாது" என்று ஒருத்தர் சொன்னார், இன்னொருத்தர் நம்பினார், மொத்தக் காலனியும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. கரையானை யாராவது போய்க் கேட்டார்களா என்ன?

ரிட்டையராகிப் பருத்திப்பட்டில் சொந்த வீடு கட்டியபோதும் அவர் அந்தப் பலகைகளை விடவில்லை. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். கூடத்தில் சுவருக்குச் சுவர் குறுக்காக ஒரு தடித்த கட்டையைப் பதித்து, அதன்மேல் க்ரீம் கலர் பெயிண்ட் அடித்தார். "எதுக்குங்க இது?" என்று மனைவி லூர்தம்மாள் கேட்டதற்கு, "நாளைக்குப் பேரப்புள்ளைக்குத் தொட்டில் கட்ட வேணாமா?" என்றார். அப்போது மகள் ஜெனிஷா ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு முன்யோசனை!

அந்தப் பேரப்பிள்ளை இப்போது வந்துவிட்டது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த ஜெனிஷாவுக்குப் பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானஸ்நானம், முடிந்து வந்ததும் வீட்டில் தொட்டில் போடுவது. மருமகன் ஜாக்சன் முகப்பேரிலிருந்து சங்கிலி வைத்த பிரம்புத் தொட்டில் ஒன்றை வாங்கிவந்து வைத்திருந்தான்.

குழந்தை பிறந்து ஐம்பது நாள் ஆகியும் அதன் குரலைத் தாத்தா கேட்டதில்லை. ஃபேக்டரியில் இருந்தபோதே அவருக்கு இரண்டு காதிலும் சவ்வு போய்விட்டது. அடிக்கடி சீழ் வருவதால் மெஷினும் வைக்க முடியாது. வாயசைவைப் பார்த்து, சைகையைப் பார்த்து, பாதி புரிந்து பாதி புரியாமல் என்று காலத்தை ஓட்டினார். குழந்தை வாயைத் திறந்து முகம் சிவந்து வீரிடும்போது அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க லூர்தம்மாளுக்குத் தாங்காது, அடுப்படிக்குப் போய்விடுவாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கட்டையைச் சோதிக்க ஆரம்பித்தார். ஃபேக்டரி வழக்கம் அது. எந்தக் கொக்கியாக இருந்தாலும், தூக்க வேண்டியதைவிட அதிக எடையைத் தொங்கவிட்டு, ஒரு மணி நேரம் பார்த்து, தாங்கினால்தான் சாக்பீஸால் 'ஓகே' எழுதித் தேதி போடுவார்கள். குழந்தை ஐந்து கிலோகூட இல்லை. அவர் இருபத்தாறு கிலோ பொன்னி அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டினார்.

"புள்ளைக்குத் தொட்டில் கட்டச் சொன்னா அரிசி மூட்டையத் தாலாட்டுறீங்களே!" என்று லூர்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அவருக்குக் கேட்டால்தானே.

ஒரு மணி நேரம் மூட்டை அசையாமல் தொங்கியது. கட்டை இம்மிகூடத் தொய்யவில்லை. ஆரோக்கியசாமி ஸ்டூலில் ஏறி, கட்டையின்மேல் கொட்டை எழுத்தில் 'ஓகே' என்று எழுதித் தேதியும் போட்டார். பெருமை பொங்க மூட்டையை இறக்கினார்.

மூட்டையின் தலையில் ஒரு சிட்டிகை ஈர மண் இருந்தது.

"அரிசியில மண்ணா?" என்று லூர்தம்மாள் கடைக்காரனைத் திட்டத் தொடங்கினாள். ஆனால் மண் மூட்டைக்கு வெளியே இருந்தது, மேலிருந்து விழுந்திருந்தது. கூடத்தின் நடுவில், உச்சந்தலைக்கு மேல், ஈர மண்ணுக்கு என்ன வேலை? ஆரோக்கியசாமி அண்ணாந்து பார்த்தார். பெயிண்ட் வழவழவென்று இருந்தது. சுவரில் மண்கோடு எதுவும் இல்லை. கட்டையில், கயிறு அழுத்திய இடத்தில் ஒரு மயிரிழைக் கீறலைத் தவிர, ஓர் ஓட்டைகூட இல்லை.

அலமாரியிலிருந்து அடி நீளத் திருப்புளியை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏறினார். இயந்திரம் ஓடும்போது உள்ளே பேரிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஃபிட்டர்கள் திருப்புளி முனையை அதன்மேல் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார்கள். ஆரோக்கியசாமிக்குக் காது போன பிறகு, அவர் கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு கேட்கப் பழகினார். சத்தம் பல் வழியாக, தாடை எலும்பு வழியாக உள்ளே போகும். "உங்களுக்குச் சவ்வுதான் போச்சு, உள்காது நல்லாருக்கு" என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஃபேக்டரியில் அவருக்குப் பல்லுச்சாமி என்று பேர். நல்ல காதுக்காரர்கள் தவறவிட்ட பழுதைக்கூட அவர் கடித்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

கைப்பிடியைக் கடித்து முனையைக் கட்டையில் ஊன்றினார். கண்ணை மூடினார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு தகர ஷெட்மேல் தூறல் விழுகிற மாதிரி மெல்லிய சரசரப்பு. விடாமல், ஒரே சீராக. ஆரோக்கியசாமி இடது கை விரலால் கட்டையை ஒரு தட்டுத் தட்டினார். சரசரப்பு சட்டென்று நின்றது. அடுத்த நொடி, கட்டையின் ஒரு கோடியிலிருந்து டகடகடக என்று கிளம்பியது ஒரு தட்டல். அது நடுவுக்கு வந்தது, அவர் பற்களைக் கடந்தது, மறு கோடிக்குப் போனது. அங்கிருந்து பதில் வந்தது. ஆயிரம் பேர் ஒரே தாளத்தில் தரையைத் தட்டுகிற சத்தம்!

அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எத்தனை வருஷமாக அவர் மண்டைக்குள் இப்படி ஒரு ஒலி நுழைந்ததில்லை! மறுபடி தட்டினார். மறுபடி பதில் வந்தது. பயமும் ஆசையுமாக மூன்றாம் முறையும் தட்டினார். ஸ்டூலில் நிற்கிறோம் என்பதே மறந்துபோனது.

"என்னப்பா?" என்று ஜெனிஷா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே நின்றாள்.

கண்ணைத் திறந்தவர் கீழே குழந்தையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திருப்புளியை வாயிலிருந்து எடுத்து, 'ஓகே' என்று எழுதியிருந்த இடத்தில் லேசாக அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவது மாதிரி அது கைப்பிடிவரை உள்ளே போனது. க்ரீம் கலர் பெயிண்ட் அப்பளமாக உடைந்து, மண்ணும் தூளும் வெள்ளை வெள்ளையாகப் பூச்சிகளும் அவர் சட்டையில் கொட்டின.

கட்டை என்று அங்கே எதுவும் இல்லை. பெயிண்ட்தான் கட்டை வடிவத்தில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே, நீளவாட்டில் ஓடிய சில மரநரம்புகளை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் தின்று, மண்ணால் அறை அறையாகத் தடுத்து, கரையான்கள் ஓர் ஊரே கட்டியிருந்தன. அந்த நரம்புகள்தான் இருபத்தாறு கிலோவைத் தாங்கியிருந்தன. இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? ஒரு வாரம்? தொட்டிலை நாலு ஆட்டு ஆட்டும் வரை?

ஆரோக்கியசாமி இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் ஓகே போட்டேன், லூர்து. என் கையால ஓகே போட்டேன்" என்று கத்திச் சொன்னார். தன் குரலின் அளவு அவருக்குத் தெரியாது. குழந்தை வீரிட்டு அழுதது. அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

லூர்தம்மாள் அப்போது திட்டவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு, அவர் சட்டையில் ஒட்டியிருந்த பூச்சிகளைத் தட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலமே ஜெனிஷாவும் குழந்தையும் முகப்பேரில் ஜாக்சன் வீட்டுக்குப் போனார்கள். ஞானஸ்நானம் குறித்தபடி நடக்கட்டும், தொட்டில் அடுத்த ஞாயிறு என்று முடிவானது. திங்கட்கிழமை காலை அம்பத்தூரிலிருந்து யூசுப் வந்தான். கரையான் மருந்து அடிப்பதுதான் அவன் தொழில். டிரில்லிங் மெஷினும் மருந்து டிரம்முமாக வந்தவன், கட்டையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னா நைனா இது! எந்த ஊர் மரம்?"

ஆரோக்கியசாமிக்கு வாயசைவு புரிந்தது. "ரஷ்யா" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

"ரஷ்யாவா? அதான் பாயசம் மாறி உள்ள தள்ளிகீது! பெட்டி மரம் நைனா, மெத்துனு இருக்கும். கரையானுக்கு இத வுட்டா வேற இன்னா வோணும்?"

முப்பத்தைந்து வருஷ நம்பிக்கை அந்த ஒரு நிமிஷத்தில் காலியானது. லூர்தம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஆனால் யூசுப் சிரிக்கவில்லை. டார்ச் அடித்து, கட்டை பதிந்திருந்த சுவரின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தினான். சுவருக்குள், கரண்டு ஒயர் போகிற பைப்பை ஒட்டி, சுண்டுவிரல் தடிமனில் ஒரு மண்குழாய் நேராகக் கீழே இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டே போனான். குளியலறைத் தரையின் விரிசலில் போய் மண்ணுக்குள் மறைந்தது.

யூசுப் ஆரோக்கியசாமியின் எதிரே உட்கார்ந்து, வாயை நன்றாக அசைத்து, கையாலும் காட்டிச் சொன்னான். "கூடு எங்கியோ மண்ணுக்குள்ள கீது. அங்கேர்ந்து பத்து அடி மேல ஏறி வந்து துன்னுட்டு, ஈரத்துக்குத் திரும்பிக் கீழ போவும். இருட்டுலயே. இதுல ஒண்ணுத்துக்கும் கண்ணு கெடையாது நைனா."

"கண்ணு கெடையாதா?"

"காதும் கெடையாது. அதிர்ச்சி மட்டும் கால்ல தெரியும். ஆபத்துன்னா பெருந்தலை வெச்ச சிப்பாய்ங்க மரத்துல மண்டைய முட்டும். அந்த அதிர்வு அடுத்ததோட காலுக்குப் போவும், அது முட்டும், அதுக்கடுத்தது முட்டும். அப்டியே சேதி போய்க்கினே கீது."

ஆரோக்கியசாமி திருப்புளியை மடியில் வைத்துக்கொண்டு அந்த மண்குழாயையே பார்த்தார். காது இல்லை. ஆனால் கேட்கிறது. எலும்பு வழியாகக் கேட்கிற அவரும், கால் வழியாகக் கேட்கிற அதுகளும் அன்றைக்குக் கூடத்தில் மூன்று முறை பேசியிருக்கிறார்கள். பேத்தியின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்த பூச்சிகள்தான். ஆனாலும் ஆண்டவனே, என்ன வேலை, என்ன வேலை! அவருக்குக் கைகூப்பத் தோன்றியது. அடக்கிக்கொண்டார்.

"அடி" என்றார்.

யூசுப் வீட்டைச் சுற்றிலும் உள்ளேயும் சுவர் அடியோரமாக அடிக்கு ஓர் ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் மருந்தை இறக்கி, வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்தான். மூன்று நாள் வேலை. அதற்குள் ஆரோக்கியசாமி வீட்டிலிருந்த ரஷ்யாப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்துக் கழற்றி வாசலில் போட்டார். பக்கத்து வீட்டுக் கோவிந்தராஜும் குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவர்தான். வேடிக்கை பார்க்க வந்தவர் திருப்புளியைப் பார்த்துவிட்டு, "எங்க ஊட்டுக் கட்டிலையும் ஒரு தபா கடிச்சுப் பாருங்களேன்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். வீதியில் ஆறு வீடு கடித்த பிறகுதான் பல்லுச்சாமிக்கு மத்தியானச் சாப்பாடு கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் கட்டை இருந்த இடத்தில் இரும்புப் பைப் இருந்தது. இரண்டு அரிசி மூட்டைகளை இரண்டு மணி நேரம் தொங்கவிட்டிருந்தார். சாக்பீஸை மட்டும் கையால் தொடவில்லை. ஜாக்சன் சங்கிலியை மாட்டினான். ஜெனிஷா குழந்தையைப் பிரம்புத் தொட்டிலில் கிடத்தினாள். லூர்தம்மாள் மெல்ல ஆட்டினாள்.

எல்லோரும் கேக் வெட்டப் போகும்போது ஆரோக்கியசாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார்.

"இரும்பையுமா கரையான் அரிக்கும்? இறங்குங்க!" என்று லூர்தம்மாள் அதட்டினாள்.

அவர் திருப்புளியைக் கடித்து முனையைப் பைப்பில் ஊன்றினார். எட்டு நாளாகப் போகாத பயம் அது, கேட்டால்தான் தீரும். சரசரப்பு இல்லை. தட்டல் இல்லை. கொக்கியும் சங்கிலியும் உரசுகிற கிரீச் மட்டும். அப்பாடா என்று திருப்புளியை எடுக்கப் போனார்.

டொக். டொக் டொக்.

பிரம்பில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தார். குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தது. முகம் சுளித்தது, சிவந்தது, வாய் திறந்தது. பிரம்பு வழியாக, சங்கிலி வழியாக, இரும்பு வழியாக, அவர் பல்லுக்குள் நூல் மாதிரி ஒரு சத்தம் ஏறி வந்தது. இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து.

"பசிக்குது போல" என்று ஜெனிஷா தொட்டிலுக்குள் கையை விட்டாள்.

ஆரோக்கியசாமிக்கு வாயைத் திறந்து சொல்ல வழியில்லை. திறந்தால் கைப்பிடி நழுவும், சத்தம் போய்விடும். ஒரு கையால் பைப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். கண்ணிலிருந்து வழிந்தது மூக்கோரமாக இறங்கிக் கைப்பிடியில் சொட்டியது.

லூர்தம்மாள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். மகளின் கையை மெதுவாகப் பிடித்து விலக்கினாள்.

"இரும்மா. கொஞ்ச நேரம் அழட்டும்" என்றாள்.