ஆணியில் தொங்கிய சட்டை

ஊரார் துணியெல்லாம் அந்தச் சலவைக் கடையில் வெளுத்தது. ஒரே ஒரு சட்டை மட்டும் வெளுக்கவில்லை. போன மழைக்காலத்தில் இறந்துபோன அப்பா கடைசியாகக் கழற்றி மாட்டியது, கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் அப்படியே தொங்கியது. மகள் அதை யாரையும் தொட விடவில்லை.

எதிர் வங்கியில் வேலை பார்க்கும் பேங்க் அண்ணன் துணி போட வரும்போதெல்லாம் கேட்பார்.

"ஊர் அழுக்கையெல்லாம் எடுக்கிறீங்க. உங்க வீட்டுச் சட்டை மட்டும் என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

"அது வெளுக்க வந்த துணி இல்லண்ணே."

வாசனை என்பது காற்றில் பறந்துபோகும் துகள்கள் என்று கல்லூரியில் படித்தவள் அவள். அப்பா வாசனையில் மிச்சமிருக்கிற துகளாவது தங்கட்டும் என்று, அம்மா பார்க்காத நேரத்தில் மட்டும் காலரில் முகம் வைப்பாள். சிக்கனமாக, ஒரே மூச்சு.

ஈஸ்டருக்கு முந்தின நாள் கடையில் அழுக்குத் துணி தங்கக் கூடாது. இது அப்பா போட்ட சட்டம். வருஷா வருஷம் ஈஸ்டர் ஆராதனையில் இயேசுவின் காலிக் கல்லறையைப் பற்றி வாசிக்கும்போது, தலையில் சுற்றியிருந்த துணி தனியாக ஒழுங்காய் இருந்தது என்ற இடம் வந்ததும் மகளை முழங்கையால் இடிப்பார்.

"பாத்தியா? சாவையே ஜெயிச்சவரு. எழுந்ததும் மொத வேலையா துணியை ஒழுங்கு பண்ணியிருக்காரு. நம்ம ஆளுடி."

"சும்மா இருப்பா. பாஸ்டர் பாக்குறாரு."

"பாக்கட்டுமே. அவரு அங்கிக்கே நாமதான் கஞ்சி போட்டோம்."

இந்த வருஷம் இடிக்க ஆளில்லை. சனிக்கிழமை மதியம் கடைசி மூட்டையும் முடிந்ததும், அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நேராக ஆணிக்குப் போனாள்.

"அம்மா, அதை விடு."

"ஒண்ணு பாக்கி இருக்குல்ல."

"துவைச்சா அப்பா போயிடுவாரும்மா."

அம்மா சட்டையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள். "நீ இல்லாதப்ப நானும்தான் மோந்து பாக்கிறேன். இப்பல்லாம் தூசி வாசனைதான்டி வருது."

அது மகளுக்கும் தெரியும். தனக்குத்தானே சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

"செத்தவங்க எழுந்திருப்பாங்கன்னு நாளைக்கு சர்ச்ல எழுந்து நின்னு சொல்லணும். இங்க என்னடான்னா அழுக்குச் சட்டைக்குக் காவல் இருக்கோம்," என்றாள் அம்மா.

அவளே துவைத்தாள். தண்ணீர் கலங்கி ஓடியபோது மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கஞ்சி போட்டு, வெயிலில் காய்ந்த சட்டை மேசைக்கு வந்தது.

"நீயே தேய். காலர்ல ஆரம்பி. இல்லேன்னா அதுக்கும் திட்டுவாரு."

தண்ணீர் தெளித்தாள். இஸ்திரிப் பெட்டி காலரில் இறங்கியது. மெல்ல நீராவி எழுந்தது. சூடான பருத்தி, சோப்பு, கஞ்சி. மகள் பெட்டியைச் சட்டென்று நிமிர்த்தி வைத்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொள்ளும்போது வந்த வாசனை. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில், முழங்கை இடிக்கும் பக்கத்திலிருந்து வந்த வாசனை. இத்தனை மாதமாக அது ஆணியில் இல்லை. இந்த மேசையில்தான் இருந்திருக்கிறது. ஊரார் சட்டைகளைத் தேய்க்கும்போது அவள் ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை.

"அம்மா, இங்க வந்து மோந்து பாரேன்."

அம்மா குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"வந்துட்டாருடி மனுஷன்," என்றாள் மூக்கை உறிஞ்சியபடி.

பிறகு சட்டைக் கைகளை உள்ளே மடக்கி, காலர் மேலே தெரிய மடித்து, காலியாகிவிட்ட அலமாரியில் அதைத் தனியாக வைத்தாள். ஆணியில் கடைச் சாவியை மாட்டினாள்.

"பேங்க் அண்ணன் கேட்டா என்னம்மா சொல்ல?"

"வெளுத்தாச்சுன்னு சொல்லு."