மஞ்சள் கோட்டைத் தாண்டிய இலை

சூளகிரி பக்கத்து அந்தக் கம்பெனியில் எல்லாவற்றுக்கும் தரையில் மஞ்சள் கோடு உண்டு. குப்பைத் தொட்டிக்குக் கோடு, டிராலிக்குக் கோடு, துடைப்பத்துக்கும் கோடு. எது வெளியே நீட்டினாலும் ஆடிட்டில் மார்க் போய்விடும். மனிதர்களைக் கட்டம் கட்டாமல் விட்டார்களே, அதுவே பெரிய புண்ணியம்.

பேக்கிங் செக்‌ஷன் மான்ஸ்டெராச் செடிக்கும் ஒரு கட்டம் இருந்தது. பேருக்குத்தான் கம்பெனி செடி. இரண்டு இலையோடு வந்ததை ஒன்றரை வருஷமாகத் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியால் துடைத்து வளர்த்தவள் சுமலதா. இலை கிழிந்து கிழிந்து அழகாக வரும் என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். வந்ததெல்லாம் வெற்றிலை மாதிரி முழுசுதான்.

புதன்கிழமை புதுக் குருத்து விரிந்தது. விளிம்பெல்லாம் பிளந்து, முறம் அகலத்துக்கு ஓர் இலை! சுமலதாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அது கோட்டைத் தாண்டி ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் ஆடிட்.

சூப்பர்வைசர் கமலக்கண்ணன் கத்தரிக்கோலோடு வந்தார். மதுரைக்காரர், ஆடிட் என்றால் சோறு இறங்காது.

“ஏம்மா, ஒரு இலைக்காக மார்க்கை விடச் சொல்றியா?”

“ஒன்றர வருசமா இதுக்குத்தான சார் காத்துனு இருக்கறேன்!”

தொட்டியைத் திருப்பினால் டிராலி இடித்தது. தள்ளினால் சுவர் இடித்தது. “காலையில வந்து வெட்டிருவேன்” என்று போய்விட்டார்.

காலையில் அவருக்கு முன்னால் சுமலதா வந்தாள். பழைய டேப்பை உரித்து, இலைக்குத் தக்கபடி கோட்டை வளைத்து ஒட்டினாள். கட்டத்துக்குத் தொப்பை விழுந்தது. கமலக்கண்ணன் பார்த்து அலறுவதற்குள் பெங்களூர் ஆடிட்டர் அம்மா உள்ளே வந்துவிட்டார்.

“ஏனு இது? கோடு யாக்கே இப்படி?” என்று கன்னடம் கலந்து கேட்டார்.

கமலக்கண்ணன் கூரையைப் பார்த்தார்.

“நான்தான் மேடம் ஒட்டுனேன். இலய வெட்ட மனசு வரல.”

ஆடிட்டர் குனிந்து இலையைத் தொட்டுப் பார்த்தார். “எங்க மனையில மூணு வருஷமா வெச்சிருக்கேன், ஒண்ணுகூட இப்படி வரலம்மா. என்ன போடுற?”

“ஒண்ணும் போடல மேடம். ஜன்னலோரம் வெளிச்சம் நல்லா வருது.”

அதையும் ஆடிட் நோட்டிலேயே குறித்துக்கொண்டார். மார்க் குறைந்தது, மின்விசிறித் தூசிக்கு.

அடுத்த மாதம் மறுபடி ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. கமலக்கண்ணன் அதன் முன் வந்து நின்றார், கையில் மஞ்சள் டேப்போடு.

“சுமலதா, இது எந்தப் பக்கம்மா சாயும்?”