நாத்தனாரின் இரண்டு இறந்தகாலங்கள்

அந்த மாடியறையில் நின்று பிரெஞ்சு இறந்தகாலத்தில் எதைச் சொன்னாலும் அது நடந்தது. சொல்பவர் தன்னைப் பற்றிச் சொன்னால் மட்டும் பலிக்காது. கீழே தையல் கடை வைத்திருந்தவளுக்கு இது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தெரிய வந்தது. மாடியில் பிரெஞ்சு வகுப்பு எடுக்கும் நாத்தனார், கீழிருந்து வந்த தடதடப்பு பொறுக்காமல், 'தையல் மெஷின்கள் நின்றுவிட்டன' என்று பிரெஞ்சில் பலகையில் எழுதி வாசித்தாள். மூன்றும் நின்றன. மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளிச் சீருடைத் துணி கட்டுக்கட்டாகக் கிடந்தது. வாடிக்கைக்காரர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். புருஷனோ, தங்கை பேச்சை எடுத்தாலே செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொள்கிற ஆள்.

தையல்காரி சண்டைக்குப் போகவில்லை; வகுப்பில் சேர்ந்தாள். "ஊசியில நூல் கோக்கிற கைக்கு வினைச்சொல் எதுக்கு அண்ணி? சரி, கடைசி பெஞ்சுல உக்காருங்க" என்றாள் நாத்தனார். அந்தத் திமிர்தான் அவளைக் கவிழ்த்தது. எட்டு மாதம் தையல்காரி வயிற்றெரிச்சலோடு படித்தாள். நடந்து முடிந்ததற்கு ஒரு காலம்: துணைவினை முன்னால், வினை பின்னால். நடந்துகொண்டே இருந்ததற்கு இன்னொரு காலம்: வினையின் வாலை மாற்றினால் போதும், முடிச்சுப் போடாத நூல் மாதிரி அது போய்க்கொண்டே இருக்கும்.

தேர்வன்று எழுந்து இரண்டே வாக்கியம் சொன்னாள். 'மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாத்தனார் பேசிக்கொண்டிருந்தாள்.' கீழே மூன்றும் தடதடக்க ஆரம்பித்தன. நாத்தனாரும் ஆரம்பித்தாள்.

இது ஒன்பது வருடத்துக்கு முன்னால். மெஷின்கள் நிற்பதில்லை, தைக்கத் துணிக்கா பஞ்சம்? நாத்தனார் சாப்பிடும்போதும் பேசுகிறாள், தூக்கத்திலும் பேசுகிறாள். மாணவர்கள் அன்றே ஓடியவர்கள்தான். டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு சர்க்கரையைக் குறைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக்குக் குடிவருகிறவர்களிடம், பத்து நாளில் பழகிவிடும் என்று தெருக்காரர்கள் சொல்கிறார்கள், பழகியும் விடுகிறது.

நாத்தனார் முதல் வருடம் முழுக்கத் திட்டினாள், அடுத்த வருடம் அழுதாள். அதற்குப் பிறகு தினமும் மாடிப்படியில் நின்று ஒரே பாடத்தை நடத்துகிறாள். "துணைவினை முன்னால, வினை பின்னால. 'நாத்தனார் பேச்சை நிறுத்தினாள்.' அவ்வளவுதான் அண்ணி. மேல வந்து ஒரே ஒரு தடவை சொல்லுங்க அண்ணி."

தையல்காரிக்கு அந்த வாக்கியம் என்றைக்கோ மனப்பாடம். தைக்கிற துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டு முடிப்பாள்.

"இன்னும் சரியா ஏறல. நாளைக்கு மறுபடி சொல்லிக் குடு" என்பாள்.