கடலோர ஊரில் இரண்டு மலைகள்

காலைக் கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் மணலில் வரிசையாக நின்று சிரிக்க வேண்டும். உதயரூபன் சேர் இடது கையிலுள்ள வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்தினால் சிரிப்புத் தொடங்கும், இறக்கினால் நிற்கும். வலது கையில் பிரம்பு இருக்கும். சிரிக்காத பிள்ளைக்கு அது. பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்பது சட்டம். பல் விழுந்த சின்னப் பிள்ளைகள் என்ன செய்வது என்று அவர் சொல்லித் தரவில்லை.

மாங்கேணிக்கு அருகே ஒரு கடற்கரைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில், யுத்தம் முடிந்ததற்கு அடுத்த வருஷம், இது நாள் தவறாமல் நடந்தது. இதற்கு வைத்திருந்த பெயர்தான் எல்லாவற்றிலும் கேவலம். மகிழ்ச்சிக் கல்வி.

உதயரூபன் அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அல்ல. பல பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கும் ஆசிரிய ஆலோசகர். ஆனாலும் காலைக் கூட்டத்துக்கு இங்கேதான் வந்து நிற்பார். சுனாமிக்குப் பிறகு வந்த உதவி நிறுவனமொன்று அவரை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சில வாரங்கள் பயிற்சி கொடுத்தது. போனவர் 'கிழக்கும் மேற்கும்' என்ற இரண்டு சொற்களோடு திரும்பி வந்தார். கிழக்கின் கூடிவாழும் பண்பையும் மேற்கின் கேள்வி கேட்கும் பழக்கத்தையும் கலந்து கொடுத்தால் பிள்ளைக்குப் படைப்பாற்றலும் வரும், மகிழ்ச்சியும் வரும் என்று மேடைக்கு மேடை பேசினார். பேச்சில் ஒரு பிழையும் இல்லை. நானே கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். மேடையை விட்டு இறங்கிய பிறகு அந்த மனிதர் செய்த காரியங்களை நினைத்தால் அந்தக் கைகளைக் கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

நிறுவனம் அந்தப் பள்ளிக்கு ஒரு விளையாட்டு அறை கட்டிக் கொடுத்தது. கண்ணாடி அலுமாரி நிறைய வர்ணப் பெட்டிகள், மரக்கட்டைகள், பொம்மைகள். வெள்ளைக்காரர் பார்க்க வரும்போது எல்லாம் புத்தம் புதிதாக இருக்க வேண்டும் என்று உதயரூபன் அறையைப் பூட்டித் திறப்பைத் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் யன்னல் கம்பியில் முகத்தை வைத்து உள்ளே பார்ப்பார்கள். எலிகளுக்கு அந்தத் தடை இருக்கவில்லை. பொம்மைக் கரடியின் வயிற்றைக் கிழித்து உள்ளே குட்டி போட்டு, அறையெல்லாம் புழுக்கை போட்டு அவை மகிழ்ச்சியாக வாழ்ந்தன.

நாவற்குடாவிலிருந்து வந்து அங்கே சித்திரம் படிப்பித்தவள் சுலோஜனா. உதயரூபன் அங்கே வர முன்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அவள் ஒருநாள் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். கோயில் சடங்குக்குப் பழகிய வசந்தன் பாட்டைப் பாடி, கோல்களைத் தட்டித் தட்டி அவர்கள் வரிசையாகப் போனார்கள். இடையிடையே பாட்டை நிறுத்தி, "இப்ப உனக்கு என்ன தெரியுது?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டாள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லவில்லை. ஆசிரியர் கலாசாலையில் கற்ற கேள்வியும் கோயிலடிப் பாட்டும் அன்று தாமாகவே கலந்துகொண்டன. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

அந்த வரிசையில் யசோதினியும் போனாள். சுனாமி அவளுடைய தாயைக் கொண்டுபோனபோது அவளுக்கு நாலு வயது. பிறகு யுத்தத்தில் செல்லடிக்குப் பயந்து ஊரே ஓடிக் கூடாரங்களில் கிடந்து திரும்பி வந்தது. தகப்பன் சாமித்தம்பி மறுபடியும் தோணியை இறக்கினான். மகள் மட்டும் கடல் பக்கம் தலைவைக்கவே இல்லை. அன்று பாட்டோடு பாட்டாக அலைக்குக் கிட்டே வந்துவிட்டதை அவள் பிறகுதான் கவனித்தாள். ஓடவில்லை. வகுப்புக்குத் திரும்பி வந்து கடலைப் படமாகக் கீறினாள். கடலுக்குள்ளிருந்து சூரியன் எழும்புகிறது, அதன் வெளிச்சத்தில் தகப்பனின் தோணி வருகிறது. சுலோஜனாவுக்கு அதைப் பார்த்து நெஞ்சு நிறைந்துபோயிற்று.

உதயரூபன் வந்ததும் அந்தப் படம்தான் முதலில் கண்ணில் பட்டது. கடல் கீறக்கூடாது என்றார். சுனாமியில் அடிபட்ட பிள்ளைகளுக்குக் கடலை ஞாபகப்படுத்தினால் மனம் பாதிக்குமாம், பயிற்சியில் சொன்னார்களாம். அந்த ஊரில் யன்னலைத் திறந்தால் கடல், சட்டியைத் திறந்தால் கடல் மீன். அதை ஞாபகப்படுத்தச் சித்திரப் பாடம் தேவையில்லை என்பது அவருக்கு ஏறவில்லை. கரும்பலகையில் தானே கீறிக் காட்டினார். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஒரு வீடு, ஒரு தென்னை. மேலே 'எனது இனிய கிராமம்' என்று எழுதி, எல்லோரையும் அப்படியே கீறச் சொன்னார்.

அந்தப் பக்கத்தில் மலை என்றால் கிரானுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் குடும்பிமலை ஒன்றுதான். அந்தப் பிள்ளைகள் அதைக் கண்டதில்லை, சண்டைக் காலத்தில் அந்தத் திசையிலிருந்து வந்த வெடிச்சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். அது மேற்கே இருக்கிறது. சூரியன் விழுகிற பக்கம். விடியற்காலையில் கடலிலிருந்து சூரியன் எழும்புவதைத் தினமும் பார்க்கும் பிள்ளைகள், ஆலோசகர் சொன்னாரென்று அதை மலைகளுக்கு நடுவே எழுப்பினார்கள்.

சில மாதம் கழித்துக் கண்காட்சிக்குப் படம் கீறும்போதும் யசோதினி மட்டும் திரும்பவும் கடலையே கீறினாள். உதயரூபன் அவளை அடிக்கவில்லை. அதைவிட அசிங்கமான வேலை ஒன்று செய்தார். மறுநாள் கண்காட்சி. விருந்தினர்கள் வருகிறார்கள். சுலோஜனாவே மலைப் படம் ஒன்றைக் கீறி, அடியில் யசோதினியின் பெயரைப் போட்டு மாட்ட வேண்டும் என்றார். சொல்லிவிட்டு, பட்டணத்துக்கு இடமாற்றம் கேட்டிருந்தாளே, அது தன் கையில்தான் இருக்கிறது என்பதையும் சிரித்தபடி ஞாபகப்படுத்தினார். கைக்குட்டை இல்லாமலே வரும் சிரிப்பு அது.

சுலோஜனா கீறினாள். எனக்கு அவள்மேலும் வெறுப்பு வந்தது, மறைப்பானேன். பிள்ளையின் எழுத்தைப்போலக் கோணலாக எழுதுவதற்கு அவள் கொஞ்சம் சிரமப்படவும் செய்தாள். ஆனால் பிள்ளையின் கடலைக் கிழித்துப்போட மட்டும் அவளுக்குக் கை வரவில்லை. மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் நிறுவனத்திலிருந்து வெள்ளைக்கார அம்மா ஒருவர் வந்தார். கூடவே மொழிபெயர்க்க ஓட்டமாவடி நிஸ்தார் வந்தான். எலிப் புழுக்கையைக் கூட்டி, டெற்றோல் தெளித்து, விளையாட்டு அறையைத் திறந்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வெயிலில் நின்று சிரித்தார்கள். உதயரூபன் கிழக்கும் மேற்கும் பேசினார். அம்மா படங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த மலைகள் எங்கே இருக்கின்றன, போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார். அது பிள்ளைகளின் சொந்தக் கற்பனை என்று உதயரூபன் கூசாமல் சொன்னார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மலையைக் கற்பனை செய்திருப்பதைக் கண்டு அம்மாவின் புருவம் மேலே போனது.

இருந்தாலும் பரிசு கொடுக்க வேண்டுமே. இருப்பவற்றில் நல்ல படத்தைத் தெரிந்தெடுத்தார். ஒரு சித்திர ஆசிரியை கீறிய படம் பிறகு நல்லதாக இல்லாமல் எப்படி இருக்கும்? யசோதினியைக் கூப்பிட்டு ஒரு வர்ணப் பெட்டியை நீட்டினார்கள். அவள் பெட்டியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். எத்தனையோ மாதம் யன்னல் கம்பிக்குள்ளால் பார்த்த பெட்டி. கையை நீட்டவில்லை.

"இது நான் கீறினதில்ல," என்றாள். "எங்கட ஊரில சூரியன் கடலுக்குள்ள இருந்துதான் எழும்புறது. எங்கட அம்மாவும் கடலுக்குள்ளதான் இருக்கா. நான் மலையெல்லாம் கீறல்ல."

நிஸ்தார் ஒரு சொல் விடாமல் அதை ஆங்கிலத்தில் சொன்னான். வெள்ளைக்கார அம்மாவின் முகம் மாறியது. அப்போது உதயரூபன் கைக்குட்டையை உயர்த்தினார்.

பழக்கிய பிள்ளைகள்தானே, கைக்குட்டையைக் கண்டதும் சிரித்தார்கள். தாயைக் கடலில் பறிகொடுத்த பிள்ளை நடுவில் நிற்க, அவளோடு கோல் தட்டிப் பாடிய அத்தனை பிள்ளைகளும் பல் தெரியச் சிரித்தார்கள். பிள்ளை ஏதோ பகிடி சொல்கிறாள் என்று உதயரூபன் விருந்தினருக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். இதைவிட இழிவான ஒன்றை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கண்டதில்லை. யசோதினி அழவில்லை. சுலோஜனாவைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

சுலோஜனாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து போய் லாச்சியைத் திறந்து கடல் படத்தை எடுத்து வந்தாள். தான் கீறிய மலையைச் சுவரிலிருந்து பிய்த்துவிட்டு அந்த இடத்தில் கடலை ஒட்டினாள்.

"இதுதான் பிள்ளை கீறின படம். மற்றது நான் கீறினது. பேரையும் நான்தான் எழுதினன்," என்றாள். கைக்குட்டை கீழே இறங்கியது. சிரிப்பும் நின்றது.

"பிறகு கதைப்பம் ரீச்சர்," என்றார் உதயரூபன் பல்லைக் கடித்தபடி.

"இல்ல சேர், இப்பவே கதைப்பம். கிழக்கையும் மேற்கையும் கலக்கிறம் எண்டு சொன்னீங்க. அங்க பிள்ளையிட்ட கேள்வி கேப்பாங்க, பிள்ளையும் கேக்க விடுவாங்க. நீங்க அதை விட்டுப்போட்டுக் கண்காட்சியையும் போட்டோவையும் கொண்டு வந்தீங்க. எங்கட ஆக்கள் கூடிப் பாடி ஆடி ஒண்டைப் பழகுவாங்க. நீங்க அதையும் விட்டுப்போட்டுப் பிரம்பை மட்டும் எடுத்தீங்க. ரெண்டு பக்கத்தாலயும் நல்லதை எறிஞ்சுபோட்டுக் குப்பையைக் கலந்து புள்ளையளுக்குத் தீத்தினா மகிழ்ச்சி எங்க சேர் வரும்? எனக்கு இடமாற்றம் வேணாம். இந்தப் பிள்ளையளோட இஞ்சயே இருக்கிறன்."

"ரீச்சர், இதையும் சொல்லவா?" என்று நிஸ்தார் மெதுவாகக் கேட்டான். சொல்லச் சொன்னாள். அவன் சொல்லத் தொடங்கினான்.

உதயரூபனுக்கு வியர்த்துக் கொட்டியது. நெற்றியைத் துடைக்க, நினைவில்லாமல், கைக்குட்டையை உயர்த்தினார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். முதலில் பழக்க தோஷத்தில்தான். பிறகு சேரின் முகத்தைப் பார்த்தார்கள், அவர் துடைக்கவும் முடியாமல் இறக்கவும் தெரியாமல் கைக்குட்டையோடு நிற்பதைப் பார்த்தார்கள். கைக்குட்டை இறங்கிய பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து, வரிசை குலைந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யசோதினியும் சிரித்தாள்.

"பாருங்க சேர்," என்றாள் சுலோஜனா. "இது நீங்க பழக்கின சிரிப்பு இல்ல. பிள்ளையளைப் பிள்ளையளா விட்டாக் காணும், சிரிப்பும் படிப்பும் தன்ர பாட்டில வரும்."