வெட்டிய வயர்

வெள்ளம் வடிந்த பிறகு, கிள்ளானில் ஒரு கோயில் மண்டபம் முழுக்கச் சேறு நாறும் சாமான்கள் கிடந்தன. ரைஸ் குக்கர், காற்றாடி, டிவி, துணி துவைக்கும் மெஷின். பிரிக்ஃபீல்ட்ஸில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மாதவி, கடையைப் பூட்டிவிட்டு உதவிக்கு வந்திருந்தாள். பழுது பார்த்துக் கொடுத்ததைவிட, இதைப் போடாதீர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பியதே அதிகம். ரப்பர் பாயின் மேல் நின்று நின்று கால் மரத்துப்போயிருந்தது.

முந்தின நாள் ஒரு பெண்ணிடம் அப்படித்தான் சொன்னாள். துணி மெஷினின் மோட்டாருக்குள் இன்னும் தண்ணீர் இருக்கிறது, பிளக்கைச் சொருகவே கூடாது என்று. அந்தப் பெண் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய், ஈரத் தரையில் நின்றபடி மெஷினைப் போட்டிருக்கிறாள். ஷாக் அடித்து இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அந்தச் செய்தி வந்ததிலிருந்து மாதவிக்கு வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது.

மதியத்துக்கு மேல் அய்யாவு வந்தார். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டி ஓய்ந்த மனிதர். கைலியில் சுற்றிய பெட்டி ஒன்றை மூச்சிரைக்கத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார். அவர் மனைவி வள்ளியம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. மூக்கில் குழாய் இல்லாமல் இருக்க முடியாது. அந்தக் குழாய்க்கு ஆக்சிஜன் தரும் மெஷின் இது. தண்ணீர் ஏறியபோது மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் இதை விட்டுவிட்டார். இப்போது வள்ளியம்மா கம்போங் மேடானில் தன் தங்கை வீட்டில் இரவல் சிலிண்டரோடு இருக்கிறாள். அது பொழுது சாயும்வரை தாங்கினால் பெரிது.

"நல்லா வெயில்ல காய வெச்சிட்டேன்மா. பக்கத்து வீட்டுல ஒரு தடவை போட்டும் பாத்தேன். ஓடுச்சு லா."

மாதவி உள்ளே தேங்கியிருக்கக்கூடிய மின்சாரத்தை முதலில் வடித்துவிட்டு மூடியைக் கழற்றினாள். வெளியே பளிச்சென்று கழுவியிருந்தார். உள்ளே மோட்டார் சுருள்களில் சேறு அப்பியிருந்தது. காற்று வடிகட்டி பிழிந்தால் சொட்டும்போல் இருந்தது. மின்கசிவு பார்க்கும் மீட்டரை வைத்தாள். முள் போகக்கூடாத பக்கம் போய் நின்றது.

அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். ஓடுவது பெரிதில்லை. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் ஒரு பொறி பறந்தால் போதும், தீ குபீரென்று பற்றிக்கொள்ளும். குழாயின் மறுமுனையில் ஆன்டியின் முகம் இருக்கிறது.

அய்யாவு முழுவதையும் கேட்டார். பிறகு கைலியை எடுத்துப் பெட்டியை மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

"என்ன செய்யப் போறீங்க அங்கிள்?"

"போடுவேன். சிலிண்டர் முடிஞ்சு அவளுக்கு மூச்சு முட்டறத உக்காந்து பாக்கச் சொல்றியா?"

மாதவி கைலியை விலக்கினாள். கட்டரை எடுத்து, பிளக் வயரைப் பெட்டியை ஒட்டி நறுக்கினாள்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அய்யாவு திட்டவில்லை. அவள் கையில் தொங்கிய வயரையே பார்த்தார்.

"நீ யாரும்மா இத வெட்ட?"

அவர் கேட்டது நியாயம்தான். அது அவளுக்கும் தெரிந்தது. வெட்டியாகிவிட்டது, இனி வேறொன்று தேடித் தருவது அவள் பாடு. போன் போட்டாள். ஆஸ்பத்திரியில் மெஷின் கையிருப்பு எல்லாம் போய்விட்டதாம், கட்டிலும் காலியில்லையாம். இரண்டு கடைகளில் போனை எடுக்கவில்லை. கடைசியில் தெலுக் பங்லிமா காராங்கில் மருத்துவக் கருவிகளை வாடகைக்கு விடும் ஜாபர் அலி கிடைத்தார். மாடியில் வைத்ததால் ஒன்று நனையாமல் தப்பியிருக்கிறது, ஆனால் கொண்டுவர ஆள் இல்லை என்றார். மாதவி வரிசையில் நின்றவர்களை மறுநாள் வரச் சொன்னாள். சிலர் முணுமுணுத்தார்கள். அவள் வேன் சாவியை எடுத்தாள்.

அய்யாவு வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். சாலையில் தண்ணீர் நிற்கும் இடங்களில் மட்டும் வாய் திறந்தார். "இதுல போகாத. எஸ்டேட் ரோட்டப் புடி." அவர் காட்டிய வழியெல்லாம் சரியாகவே இருந்தது. மெஷினை வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் கம்போங் மேடான் போய்ச் சேர்ந்தார்கள்.

தங்கை வீடு அடுக்குமாடியில். லிஃப்ட் ரோசாக், ஓடவில்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று, இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். வள்ளியம்மா தலையணைகளில் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தலைமாட்டில் தங்கை விளக்கேற்றி வைத்திருந்தாள். அதை அப்புறப்படுத்த மாதவி சொன்னபோது தங்கை தயங்கினாள், சாமி விளக்கு என்று.

"ஆக்சிஜன் பக்கத்துல நெருப்பு ஆகாதுக்கா. ஹால்ல வெச்சுக் கும்பிடுங்க."

குக்கரும் காற்றாடியும் தொங்கிய எக்ஸ்டென்ஷன் வயரில் சொருகாமல், சுவர் பிளக்கைச் சோதித்து நேராக அதிலேயே கொடுத்தாள். மெஷின் முனகத் தொடங்கியது. வள்ளியம்மாவின் தோள்கள் ஏறி இறங்குவது மெல்லத் தணிந்தது.

"நம்ம மெஷின் எங்க?"

"இந்தப் பொண்ணு வெட்டிப் போட்டுடுச்சு," என்றார் அய்யாவு. அவள் மூக்குக் குழாயைச் சரிசெய்தபடி, "உள்ள பூரா சேறு," என்றார். "நான் தொறந்து பாக்கல."

வள்ளியம்மா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இறங்கும்போது மாதவி பாதி வழியில் நின்றாள். படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த அய்யாவு ஒரு படி மேலே உட்கார்ந்தார். கோபம் தீர்ந்ததா என்று அவர் முகத்தைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை.

"வீட்டுல ஃப்ரிட்ஜ் ஒண்ணும் நனைஞ்சு கெடக்குது. நான் சுவிச்சத் தொடல. நாளைக்கு வந்து பாக்கறியா?"

"பாக்கறேன் அங்கிள்," என்றாள் மாதவி. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.